கண்ணாடிக்குள் விழுந்த ஐந்தருவி

ஷர்மிளா கேட்ட கேள்விக்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். போனை எடுத்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நேரில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? அதனால்தான் எழுதுகிறேன்.

ஷர்மிளா, நான் வேலை பார்த்த ஜவுளிக்கடையில் இப்போது முகப்புக் கண்ணாடி அலங்காரம் பார்க்கிற பிள்ளை. காலேஜ் படித்தவள். கடையின் ஆண்டு மலருக்கு, வேலையை விட்டு நின்றவர்கள் ஆளுக்கொரு கட்டுரை தரணும் என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினார்கள். நான் அஞ்சாங்கிளாஸ். எனக்கு என்ன கட்டுரை என்று பேசாமல் இருந்துவிட்டேன். போன வாரம் இந்தப் பிள்ளை கூப்பிட்டாள்.

"ஆச்சி, கண்ணாடியில பெரிய திரை ஒண்ணு வச்சிருக்கோம். ஆள் முன்னால வந்து நின்னா அதுல அருவி விழணும். நகந்தா நிக்கணும். வெயில்ல நல்லாத்தான் இருக்கு. மேகம் மூடுச்சுன்னா ஆளே இல்லாம தானா விழுது. மாட்டிட்டுப் போனவங்களுக்கே பிடிபடல. உங்களுக்கு ஏதும் தெரியுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். மிச்சம் இங்கே. மலருக்கும் இதுவே கட்டுரை.

எனக்குப் பிறந்த ஊர் கடையம் பக்கம். பதினாறு வயதுவரை பீடி சுற்றினேன். கல்யாணமாகித் தென்காசிக்கு வந்த பிறகும் கொஞ்ச நாள் சுற்றினேன். பிறகு கடைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டக்கா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சேலை செக்‌ஷனில் நிற்க வைத்தார்கள். நின்றேன். அவ்வளவுதான். "இது என்ன விலை?" என்று யாராவது கேட்டால் வேர்த்துவிடும். சேலையைத் திருப்பிச் சீட்டைக் காட்டுவேன். "சாயம் போகுமா?" என்று கேட்டால் தலையை ஆட்டுவேன். போகும் என்று ஆட்டினேனா, போகாது என்று ஆட்டினேனா, எனக்கே தெரியாது. ஒரு அம்மா, "பாவம், வாய் பேசாத பிள்ளை போலிருக்கு" என்று சொல்லிவிட்டு ரெண்டு சேலை கூடுதலாக எடுத்துப் போனார்கள்.

ஆள் வந்தால் நான் பொம்மைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். சும்மா நிற்கிறோமே என்று அதன் கொசுவத்தைச் சரி பண்ணுவேன். பீடி இலையை மடக்கி மடக்கிப் பழகின விரல், மடிப்பு தானாக விழும். ஒரு நாள் முதுகுக்குப் பின்னால் இருமல் சத்தம் கேட்டது. திரும்பினால் மேனேஜர் பால்ராஜ் அண்ணாச்சி.

"உன் பேரு என்ன?"

"பேச்சியம்மா."

"பேச்சியா? நல்லா வச்சாங்க பேரு" என்றார். மறுநாள் என்னைக் கண்ணாடிக்குள் போட்டுவிட்டார்.

கண்ணாடி என்று நாங்கள் சொல்வது கடையின் முன்பக்கம் தெருவைப் பார்த்து இருக்கிற அறை. அகலம் மூன்று ஆள் படுக்கிற அளவு. ஆழம் ஒரு கட்டில். தெருப்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே பொம்மைகள். கடை திறப்பதற்கு முன்னால், காலை ஏழிலிருந்து ஒன்பதுவரை, வெள்ளைத் திரையை இறக்கிவிட்டு நான் உள்ளே வேலை பார்ப்பேன். திரையை ஏற்றும்போது நான் அங்கே இருக்கமாட்டேன். ஊரே பார்க்கிற இடத்தில் ஒருத்தர் கண்ணிலும் படாமல் ஒரு வேலை. இப்படி ஒரு வேலை உலகத்தில் இருக்கும் என்று யாராவது முன்னமே சொல்லியிருந்தால் பீடியே சுற்றியிருக்கமாட்டேன்.

வேலை லேசு என்று நினைக்க வேண்டாம். பொம்மைக்கு இடுப்பு வழுக்கும். காலையில் கட்டின கொசுவம் சாயங்காலத்துக்குள் ஒரு விரற்கடை இறங்கிவிடும். நான் பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி இடுப்பில் மாட்டி, அதற்கு மேல் பாவாடையைக் கட்டி, அதில் கொசுவத்தைச் சொருகுவேன். அசையாது. பட்டில் குண்டூசி குத்தக் கூடாது. பொம்மை மேல் இருந்தாலும் அது நாளைக்கு ஒரு கல்யாணப் பெண் கட்டப் போகிற சேலை. நூலால் லேசாகப் பிடிக்க வேண்டும். நூலை உருவினால் தடம் தெரியக் கூடாது. தெருவில் போகிறவர்களுக்குக் கண் முதலில் கொசுவத்துக்குப் போகும், அப்புறம் முந்திக்குப் போகும். பொம்மையின் முகத்துக்குப் போகவே போகாது. மூக்கு உடைந்த பொம்மையை வைத்து ரெண்டு தீபாவளி ஓட்டியிருக்கிறேன்.

பால்ராஜ் அண்ணாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளைச் சட்டை. பையில் ரெண்டு பேனா. அதில் ஒன்று எழுதாது. "எழுதாத பேனா எதுக்கு அண்ணாச்சி?" என்று பில் போடுகிற பிள்ளை ஒரு தடவை கேட்டாள். "இரவல் கேக்கவனுக்கு" என்றார்.

நான் கண்ணாடியை முடித்ததும் அவர் உள்ளே வந்து பார்க்கமாட்டார். நேராகத் தெருவைத் தாண்டி எதிர்த்த டீக்கடைக்குப் போவார். ஒரு டீ வாங்குவார். அங்கேயும் கண்ணாடியைப் பார்க்கமாட்டார். கண்ணாடியைப் பார்க்கிறவர்களின் முகத்தைப் பார்ப்பார். "நான் பாத்து என்னத்துக்கு? நானா சேலை கட்டப் போறேன்?" என்பார். டீ குடித்து முடித்தால் திரும்பி வந்து, "முந்தியை மாத்து" என்றோ, "பச்சை வேண்டாம்" என்றோ ஒரு சொல் சொல்வார். நன்றாக இருக்கிறது என்று சொன்னதே கிடையாது. ஆனால் என்றைக்காவது வேடிக்கை பார்த்துக்கொண்டே குடிக்க மறந்துவிட்டால், உள்ளே வந்து, "டீ ஆறிட்டு" என்பார். அதுதான் மெடல். அந்த வார்த்தையை நான் இத்தனை வருஷத்தில் எத்தனை தடவை கேட்டேன் என்று ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

முதல் தடவை கேட்டது தையல் மிஷினால். எங்கள் தையல் செக்‌ஷனில் ஒரு பழைய மிஷின் உடைந்து கிடந்தது. அதன் மிதியை மட்டும் கழற்றித் தெருப்பக்கம், கண்ணாடிக்கு வெளியே வைக்கச் சொன்னேன். உள்ளே, மிதியோடு பெல்ட்டால் கோத்த ஒரு உருளை. அதில் ஏழு முந்திகளை வரிசையாகத் தைத்துவிட்டேன். தெருவில் நிற்கிறவர்கள் மிதித்தால் உருளை சுற்றும், பொம்மையின் தோளில் முந்தி மாறும். சிவப்பு போய் மயில் கழுத்து வரும், அது போய் மாம்பழ மஞ்சள் வரும். பொம்பிளைகள் சாயங்காலம் வந்து மிதிமிதி என்று மிதித்தார்கள். தீபாவளிக் கூட்டத்துக்குக் காவல் நின்ற போலீஸ்காரர் ஒருத்தர், தெரு காலியான நேரம் பார்த்து ரெண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டுக் காலை வைத்தார். மயில் கழுத்து வந்ததும் நிறுத்திவிட்டு உள்ளே வந்து, "அந்தக் கலர் எங்க வீட்டுல சேருமா?" என்று கேட்டாராம். அண்ணாச்சி வந்து, "டீ ஆறிட்டு" என்றார்.

ஆனால் ரெண்டாம் நாள் வேறு ஒன்று நடந்தது. நான் ஆசையாக அந்தப் பொம்மைக்கு அரக்குப் பட்டு கட்டி, தலை நிறையப் பிச்சிப்பூ வைத்து, காலடியில் ஒரு குத்துவிளக்கும் வைத்திருந்தேன். வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு மிதிக்க ஆரம்பித்தார்கள். ஒருத்தர் கழற்றினார், அவரைப் பார்த்து எல்லாரும் கழற்றினார்கள். மத்தியானத்துக்குள் கண்ணாடியில் யாரோ குங்குமம் அப்பிவிட்டார்கள். கடையநல்லூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் மூன்று தடவை மிதித்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். உள்ளே ஒருத்தரும் வரவில்லை. சாமியிடம் போய் யார் விலை கேட்பார்கள்?

அண்ணாச்சி சூடாக டீயைக் குடித்துவிட்டு வந்தார். "பேச்சி, நாம சேலை விக்கணும். சாமி ஆக்கிராத."

விளக்கை எடுத்தேன். பூவைக் குறைத்தேன். அப்படியும் ஒரு அம்மா கும்பிட்டார்கள். கடைசியில் பொம்மைக்கு ஒரு கூலிங் கிளாஸ் மாட்டி, கையில் ஹேண்ட்பேக் தொங்கவிட்டேன். அதோடு செருப்பைக் கழற்றுவது நின்றது.

இப்படியே வருஷம் போனது. பிறகு எங்கள் தெருவிலேயே வேறொரு ஜவுளிக்கடை திறந்தார்கள். வாசலில் ஆள் உயரத்துக்கு டிவி. அதில் நாள் முழுக்க ஆட்டமும் பாட்டும். நம் கண்ணாடி முன்னால் நிற்கிற கூட்டம் அங்கன போய்விட்டது. ஒரு சித்திரை மாதம் முதலாளி என்னையும் அண்ணாச்சியையும் கூப்பிட்டார். அவர் கோபக்காரர் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அண்ணாச்சி, இந்தக் குத்தால சீசன் ஒண்ணு பாப்போம். கூட்டம் நிக்கலைன்னா கண்ணாடியை எடுத்திட்டுத் துண்டும் நைட்டியுமா தொங்கப் போட்டிருவோம். பேச்சியம்மா மறுபடி சேலை செக்‌ஷனுக்கு வந்திரட்டும்."

வேறு யாருக்காவது இது ஒரு சங்கதியே இல்லை. அங்கே மின்விசிறி உண்டு, உட்கார ஸ்டூல் உண்டு. எனக்கு அங்கே வாயைத் திறக்க வேண்டுமே. மறுநாள் காலை திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு பொம்மையிடம் பழகிப் பார்த்தேன். "வாங்கக்கா, என்ன விலைக்குள்ள பாக்குதீங்க?" என்று சொல்ல வேண்டும். "வாங்க" என்பதோடு நின்றுவிட்டது. பொம்மையிடமே பேச வரவில்லை, மனுஷியிடம் எங்கே?

அப்போதுதான் அருவி யோசனை வந்தது. சீசனுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் எல்லாரும் தென்காசியில் இறங்கித்தான் குற்றாலம் போக வேண்டும். போகிற வழியிலேயே ஒரு அருவியைக் காட்டினால் நிற்கமாட்டார்களா?

சாக்குத் துணியை மைதாப் பசையில் முக்கிக் காயவைத்துப் பாறை செய்தேன். கரியும் சுண்ணாம்பும் கலந்து பூசினேன். அதற்கு மேலிருந்து, ஐந்தருவியின் ஐந்து காலுக்கும் ஐந்து வெள்ளை மல் துணிகள், ஒவ்வொன்றும் மேலே ஓர் உருளை, கீழே ஓர் உருளை என்று சுற்றி, முனைகளைச் சேர்த்துத் தைத்தது. சுற்றினால் துணி முன்பக்கம் விழுந்துகொண்டே இருக்கும், பின்பக்கம் ஏறிக்கொண்டே இருக்கும். நடுவில் மடிப்பு மடிப்பாகச் சுருக்கம் வைத்தேன். அசையும்போது அசல் தண்ணீர் மாதிரி நெளியும். முன்னால் ஒரு பொம்மைக் குடும்பம். அப்பா பொம்மை துண்டில், அம்மா பொம்மை நைட்டியில், பிள்ளைப் பொம்மைகள் அரை டிரவுசரில். எல்லாம் கடைச் சரக்கு.

உருளை சுற்றுவதற்குச் செங்கோட்டையிலிருந்து தாஸ் வந்தார். ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். பாதி மலையாளம், பாதி தமிழ். லாரிக் கண்ணாடியைத் துடைக்கிற வைப்பர் மோட்டாரைக் கொண்டுவந்து பொருத்தினார். ஐந்து உருளைக்கும் நடுவே ஒரே கம்பி. உருளையில் ஓர் ஆணியைக் குத்தினால் அது கம்பியோடு சேர்ந்து சுற்றும். ஆணியை உருவினால் அந்த ஒன்று மட்டும் நிற்கும். இதுவும் கண்ணாடியில் பட்டாணி அளவுக்கு ஒரு கண்ணும் அவர் வேலை.

"சேச்சி, இது நிழலு கண்டா மோட்டாரை ஓட்டும். ஆளு வந்து நின்னா நிழலு விழும், அருவியும் விழும். ஆளு போனா நிக்கும். ஒரு கொழப்பமும் இல்லா."

அக்கினி நட்சத்திர வெயிலில் சோதித்துப் பார்த்தோம். டீக்கடைக்காரர் வந்து நின்றார், விழுந்தது. நகர்ந்தார், நின்றது. நாய் ஒன்று குறுக்கே போனது, அதற்குக்கூட ஒரு கையளவு விழுந்தது. ஒரு கொழப்பமும் இல்லை.

சீசன் ஆரம்பித்தது. எங்கள் ஊரில் சீசன் என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். மேற்கு மலையிலிருந்து மேகம் இறங்கி வரும், தெரு இருட்டும், சாரல் தூவும், அஞ்சு நிமிஷத்தில் வெயில் அடிக்கும், திரும்பவும் மூடும். இது எனக்கும் தெரியும், தாஸுக்கும் தெரியும். தெரிந்தும் வெயிலில் சோதித்துவிட்டுச் சீசனுக்கு மாட்டியிருக்கிறோம். முதல் நாள் காலை மேகம் மூடியதும் ஆளே இல்லாத கண்ணாடியில் ஐந்தருவியும் கொட்ட ஆரம்பித்தது.

பில் போடுகிற பிள்ளை தாஸுக்குப் போன் போட்டு என் காதில் வைத்தாள். அவர் சிரித்தார். "மேகம் வந்து நிக்குன்னது அதுக்கு ஆளு நிக்குன்ன மாதிரி தெரியுது, சேச்சி. ஞான் அடுத்த வாரம் வந்து சரியாக்கித் தராம்."

அந்த அடுத்த வாரத்துக்குள் ஊர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. மேகம் மூடினால் மலையில் சாரல் விழும், சாரல் விழுந்தால் அருவியில் தண்ணீர் வரும். அதனால் கண்ணாடி அருவியும் குற்றாலத்து அருவியும் பல நாள் ஒன்றுபோலவே இருந்தன. தென்காசியில் சீசன் நேரம் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "தண்ணி விழுதா?" அதற்கு எங்கள் கண்ணாடி பதில் சொல்கிறது என்று பேச்சு கிளம்பிவிட்டது. பஸ் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டு, "ஜவுளிக்கடையில விழுது, ஏறு ஏறு, குத்தாலம், அஞ்சருவி" என்று கத்துவார். கடை முன்னால் கூட்டமான கூட்டம். டிவி வைத்த கடைக்காரரே வந்து பார்த்துவிட்டுப் போனார். சரக்கு எடுக்க மெட்ராஸ் போயிருந்த முதலாளி போன் பண்ணி, "அது எப்படி அண்ணாச்சி குத்தாலத்துல விழுதது நம்ம கண்ணாடியில தெரியுது?" என்று கேட்டாராம்.

அண்ணாச்சி என்னைக் கேட்டார். "ஏதும் கரண்டு வேலையா?"

நான் தலையை ஆட்டினேன். பழைய தலையாட்டல்தான். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

மேகம்தான் ஓட்டுகிறது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் கண்ணாடி போய்விடும், நான் சேலை செக்‌ஷனுக்குப் போக வேண்டும். தாஸுக்கும் நானே போன் பண்ணி, "இப்ப வர வேண்டாம், மெதுவா வாங்க" என்று சொல்லிவிட்டேன். என் வாழ்க்கையில் நானாகக் கூப்பிட்டுப் பேசிய முதல் போன் அது. பொய்க்குத்தான் வாய் வந்தது.

ஆனி மாதம் பாதியில் ஒரு வாரம் மேகம் மட்டும் மூடிக்கொண்டே இருந்தது, சாரல் இல்லை. கண்ணாடியில் காலையிலிருந்து சாயங்காலம்வரை அஞ்சும் கொட்டியது. ஒரு நாள் மத்தியானம் நான் கண்ணாடி அறையின் பின்கதவுப் பக்கம் உட்கார்ந்து கிழிந்த மல் துணியைத் தைத்துக்கொண்டிருந்தேன். கல்லாப் பக்கம் ஒரு ஆண் குரல்.

"இந்தக் கண்ணாடி வேலை பாக்கவங்க யாரு?"

எட்டிப் பார்த்தேன். முடியை ஒட்ட வெட்டின ஒருத்தர், பட்டாளத்துக்காரர் என்று பார்த்தாலே தெரியும். பக்கத்தில் அவர் சம்சாரம். முன்னால் ரெண்டு பிள்ளைகள், ஒரு பையன், ஒரு பொட்டப்பிள்ளை. ரெண்டு பேர் தலையிலும் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. நெற்றியில், காதுக்குப் பின்னால், சட்டைக் காலரில் எல்லாம் எண்ணெய். குற்றாலத்தில் குளிக்கப் போகிறவர்கள் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு போவது வழக்கம். திரும்பி வரும்போது தலை பஞ்சு மாதிரி இருக்கும். இந்தப் பிள்ளைகள் எண்ணெயோடு திரும்பி வந்திருக்கிறார்கள்.

"சிவகிரியில இருந்து வாரோம்" என்றார் அவர். சத்தம் போடவில்லை. "காலையில உங்க கண்ணாடியில அஞ்சும் விழுந்திச்சு. ஆட்டோ பிடிச்சு அஞ்சருவி போனோம். அங்க ரெண்டு காலுதான் விழுது, அதுவும் நூல் மாதிரி. வரிசை ரோடுவரைக்கும் நிக்கு. ரெண்டு மணி நேரம் நின்னும் பிள்ளைகளுக்கு முறை வரல. நாளைக்கு நான் லீவு முடிஞ்சு போறேன். சண்டை போட வரல. ஏன் அப்படிக் காட்டுதீங்கன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

கல்லாவில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் பின்கதவைப் பார்த்தார்கள். பால்ராஜ் அண்ணாச்சி மாடிப்படியில் இறங்கி வந்தார். அவர் வந்து பேசிவிடுவார் என்று நினைத்தேன். அவர் படியிலேயே நின்று என்னைப் பார்த்தார். 

நான் வெளியே வந்தேன். ஊசி நூலோடு வந்துவிட்டேன்.

"தப்பு என்னுது" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. "அது தண்ணியைப் பாத்து விழல. மேகத்தைப் பாத்து விழுது. எனக்கு முதல் நாளே தெரியும். நான் சொல்லல."

 பொட்டப்பிள்ளை, "அப்ப மேகத்துக்குத்தான் குளிக்கக் குடுத்து வச்சிருக்கா?" என்று கேட்டாள். அவள் அப்பா சிரித்துவிட்டார். நான் ஊசியைச் சேலையில் குத்திவிட்டுப் போன் இருந்த பக்கம் போனேன்.

என் மைனி மாரித்தாய், என் அண்ணன் சம்சாரம், ஐந்தருவி போகிற பாதையில் சோப்பும் ஷாம்பும் துண்டும் விற்கிற கடை வைத்திருந்தாள். அவளுக்கு நானே போன் போட்டேன்.

"மைனி, தண்ணி எப்படி?"

"ஏட்டி, நீயா பேசுத? யாருக்கும் ஏதும் ஆயிட்டா?"

"இல்ல மைனி. தண்ணி விழுதா?"

"இத்தனை வருஷத்துல நீ போன் பண்ணதே இல்ல, பண்ணி தண்ணி கேக்குத. காலையில ரெண்டுதான். இப்ப மேல சாரல் பிடிச்சிருக்கு. பாறை நனைஞ்சு தண்ணி கனக்குது. மூணு மணிக்கு அஞ்சும் நல்லா விழும். அதுவும் அளவாத்தான் வரும், குளிக்கலாம்."

"மைனி, எண்ணெய்த் தலையோட ரெண்டு பிள்ளைய வரும். கூட நின்னு குளிக்க வச்சு அனுப்பு."

"யார் வீட்டுப் பிள்ளைய?"

"என்னால ஏமாந்த பிள்ளைய" என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

அண்ணாச்சி தன் செலவில் ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டார். அவர்கள் போனதும் என்னைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். பையிலிருந்து எழுதாத பேனாவை எடுத்து மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"பேச்சி, நீ பேசாம இருக்கதை இத்தனை வருஷமும் நான் அடக்கம்னு நெனச்சிருந்தேன்."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"வெள்ளிக்கிழமை முதலாளி வாராரு, கண்ணாடியைப் பாக்க. அதுக்குள்ள உள்ளதைக் காட்டு. கூட்டம் போனாப் போட்டும்."

அஞ்சரை மணி வாக்கில் அந்தக் குடும்பம் திரும்பி வந்தது, பஸ்ஸுக்குப் போகிற வழியில். பிள்ளைகள் தலை பஞ்சு மாதிரி பறந்தது. பொட்டப்பிள்ளை கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு அருவியைப் பார்த்தாள். நான் வாசலுக்குப் போனேன். நானாகப் போனேன்.

"அத்தை, உங்கது தப்பு. உங்கதுல அஞ்சும் ஒண்ணுபோல இருக்கு. அங்க அப்படி இல்ல. ஒண்ணு தடியா விழுது, ஒண்ணு ஓரத்துல ஒளிஞ்சுகிட்டு விழுது" என்றாள். அவள் அப்பா கையைக் கூப்பிவிட்டுப் போனார்.

அன்றைக்கே தாஸ் வந்து அந்தப் பட்டாணிக் கண்ணைப் பிடுங்கினார். அதற்குப் பதிலாக ஒரு கயிறு. பஸ்ஸுக்குள் கண்டக்டர் இழுக்கிற மணிக்கயிறு மாதிரி, கண்ணாடிக்கு வெளியே குறுக்காகக் கட்டினோம். ரெண்டு தடவை இழுத்தால் மணி அடித்து அருவி ஓடும். கோயில் மணி வைத்தால் மறுபடியும் செருப்பைக் கழற்றிவிடுவார்கள் என்று பஸ் மணியே வைத்தேன். துணிகளை அவிழ்த்து ஒன்றைத் தடியாக, ஒன்றை ஒல்லியாக, ஒன்றைப் பாறை ஓரத்தில் பாதி மறைத்து மாட்டினேன். காலையிலும் மத்தியானத்திலும் மைனி போன் பண்ணிச் சொல்வாள், எத்தனை கால் விழுகிறதோ அத்தனை உருளைக்கு மட்டும் ஆணி குத்துவேன். ஒரு சிலேட்டில் நானே எழுதி வைத்தேன்: "இப்போது ஐந்தருவியில் விழுவது" என்று போட்டு, கீழே எண்ணிக்கை. என் கையெழுத்தை ஊர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை காலை மைனியின் போன் வந்தது.

"ஒண்ணுதான்டி உருப்படியா விழுது. மத்தது ஒழுகுது."

"ஒழுகுதத விழுததாச் சேக்கலாமா மைனி?"

"ஒன் தலையை அடியில நீட்டிப் பாரு, தெரியும். ஒண்ணு."

நாலு ஆணியை உருவினேன். முதலாளி வருகிற நாளில், சீசன் உச்சத்தில், என் கண்ணாடியில் நாலு துணி காய்கிற வேட்டி மாதிரி தொங்கியது. திரையை ஏற்றினேன். அண்ணாச்சி தெருவைத் தாண்டி டீக்கடைக்குப் போனார். முதலாளியும் அவர் பக்கத்தில் போய் நின்றார். நான் பின்கதவு இடுக்கில் நின்றேன்.

முதலில் வந்த ஆள் கயிற்றை இழுத்தார். ஒன்று மட்டும் விழுந்தது. சிலேட்டைப் படித்தார். "ஒண்ணுதானா?" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.  அடுத்து ஒரு வேன் நிறைய ஆட்கள் இறங்கினார்கள். ஒருத்தர் இழுத்தார். "எலே, இந்தக் கடை உள்ளதைச் சொல்லுது, பாருலே. இல்லாட்டா அங்கன போய் வரிசையில காஞ்சிருப்போம்." இன்னொருத்தர், "மத்த நாலும் எப்ப விழும்?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். அவர் பின்னால் வேனே உள்ளே வந்தது. காத்திருக்கிற நேரம் சும்மா இருப்பார்களா? துண்டு பார்த்தார்கள், நைட்டி பார்த்தார்கள். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஒண்ணுதான் விழுது, அவசரம் இல்லாதவங்க சாயங்காலம் போங்க" என்று கத்தினார். ஆளுக்காள் கயிற்றை இழுக்க, மணி ஓயவில்லை.

ஒருத்தர் என்னிடமே வந்து கேட்டார். "ஏம்மா, மத்தியானத்துக்கு மேல தண்ணி கூடுமா?"

"மேல சாரல் இருந்தா கூடும். ரெண்டு மணிக்கு மைனி சொல்லுவா" என்றேன். மைனி யார் என்று அவர் கேட்கவில்லை. சரி என்று ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

வெகு நேரம் கழித்து அண்ணாச்சி தெருவைத் தாண்டி வந்தார். கையில் டீ கிளாஸோடு வந்தார். டீக்கடை கிளாஸை அவர் ஒரு நாளும் வெளியே கொண்டுவந்ததில்லை. டீ நிறைய இருந்தது. மேலே ஆடை கட்டியிருந்தது. அதைக் கொண்டுவந்து கண்ணாடியின் உள்திண்டில், பாறைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"டீ ஆறிட்டு, பேச்சி" என்றார்.

பின்னால் முதலாளி வந்தார். "அந்த மைனிக்கு ஒரு சேலை எடுத்துக் குடுங்க" என்று மட்டும் சொன்னார். கண்ணாடி எனக்கே இருந்தது, நான் வேலையை விட்டு நிற்கிறவரை.

ஷர்மிளா, உன் கேள்விக்குப் பதில் இதுதான். உன் திரைக்கும் ஆள் யார், மேகம் யார் என்று தெரியவில்லை. கண்ணைப் பிடுங்கிவிட்டு ஏதாவது இழுக்கிற மாதிரி வை. நம் ஊர்க்காரர்களுக்குச் சும்மா நிற்பதைவிட ஒன்றை இழுக்கத்தான் பிடிக்கும். மைனிக்கு வயசாகிவிட்டது, கடையில் இப்போது அவள் மகள் இருக்கிறாள். நம்பரைக் கல்லாவுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஒழுகுகிறதைக் கணக்கில் சேர்க்காதே.

ஞாயிற்றுக்கிழமை நான் கடைத் தெருவுக்கு வந்திருந்தேன். உனக்குத் தெரியாது, நான் சொல்லவும் இல்லை. எதிர்த்த டீக்கடையில் ஒரு டீ வாங்கிக்கொண்டு, உன் திரையைப் பார்க்காமல், பார்க்கிறவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மோசம் இல்லை. ரெண்டு பேர் நின்றார்கள், ஒரு பிள்ளை கையை ஆட்டிப் பார்த்தது.

ஆனால் டீயைச் சூடாகவே குடித்து முடித்துவிட்டேன். ஆடி முடிவதற்குள் இன்னொரு தடவை வருவேன். அன்றைக்கு என் டீ ஆறிப்போகணும், பார்த்துக்கோ.